உலையில் போடும் முன் பிரியுங்கள்: பங்கார் செம்பு பற்றிய வாசகர் கேள்விகள்

பட்டறைக் கேள்விகள் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செம்பைப் பற்றியவை. குர்லா, சாக்கிநாக்கா, செம்பூர், வசாய், தாருக்கானா என்று மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் பங்கார், அதாவது பழைய உலோகத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் எழுதியவை. கேள்விகள் வேறு வேறு, ஆனால் அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: உலைக்குள் போகக்கூடாத ஏதோ ஒன்று போய்விட்டது. செம்போடு ஈயம் கலந்து உருகியபின் அதைப் பிரித்தெடுக்க நெருப்பும் நேரமும் ஆகும், கசடோடு கொஞ்சம் செம்பும் போகும். கலக்கும் முன் பொறுக்கி எடுக்க ஒரு ஆளும் ஒரு அரமும் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டே பதில்களைப் படியுங்கள்.

மூட்டையாக வாங்கும் ஒயரில் நடுவில் அலுமினியம் உள்ள ஒயரைக் கலந்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் செம்பு மாதிரியே இருக்கிறது. கடையில் வைத்தே கண்டுபிடிக்க வழி உண்டா? – பி.எம்., குர்லா

உண்டு, இரண்டு நிமிட வேலை. முதலில் ஒயரின் முனையை இடுக்கியால் நசுக்காமல், கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். அலுமினியம் என்றால் நடுவில் வெள்ளை தெரியும். தடித்த ஒயருக்கு அரத்தால் இரண்டு இழுப்பு போதும். மெல்லிய இழை என்றால் லைட்டர் சுடரில் காட்டுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், இழை துவண்டு அறுந்து விழும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும் என்பதால் சிவந்து கறுக்குமே தவிர அந்தச் சுடருக்குச் சட்டென்று அறாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீர் எடை பாருங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். உறை நீக்கிய ஒயரைச் சரியாக 100 கிராம் எடுத்து, நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். சுத்தமான செம்பு என்றால் தராசு 11.2 கிராம் அளவில் நிற்கும். செம்பு முலாம் போட்ட அலுமினியம் 27 கிராமுக்குப் பக்கத்தில் காட்டும். இழைகளுக்கு இடையே காற்றுக் குமிழி மாட்டினால் கணக்குத் தப்பும், ஆகவே ஒயரை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கி உதறிவிடுங்கள். பித்தளைக்கு இந்தச் சோதனை உதவாது. அது 11.8 காட்டும், வித்தியாசம் மிகக் குறைவு. பித்தளையை அரத்தால் தேய்த்த புது இடத்தின் மஞ்சளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

காந்தமும் எப்போதும் கையில் இருக்கட்டும். வெல்டிங் கம்பி, எர்த்திங் தண்டு ஆகியவற்றில் இரும்பின் மேல் செம்புப் பூச்சு வரும். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களில் அலுமினியக் கம்பிக்கும் செம்பு நிற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதை வாங்கும் முன் பிளேடால் ஒரு இடத்தில் சுரண்டாமல் விலை பேசாதீர்கள்.

மோட்டார் ஸ்டேட்டரையும் (சுழலாத சுருள் பகுதி) பிவிசி ஒயரையும் எரித்துத்தான் செம்பு எடுக்கிறோம். எரித்த செம்புக்கு வியாபாரி மில்பெரி விலை தர மறுக்கிறார். செம்பு செம்புதானே? – எஸ்., சாக்கிநாக்கா

வியாபாரி சொல்வது நியாயம். உலகச் சந்தையில் செம்புப் பங்காருக்குத் தரப் பெயர்கள் உண்டு. பளபளவென்று இருக்கும், பூச்சில்லாத, எரிக்காத தடித்த கம்பி பார்லி. நாம் மில்பெரி என்று சொல்வது இதைத்தான். எரித்த கம்பி, வார்னிஷ் கருகிய கம்பி, கொஞ்சம் ஈயப்பற்று ஒட்டிய கம்பி எல்லாம் பிர்ச். அதில் செம்பு 96 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள், 94-க்குக் கீழே போகக்கூடாது. நெருப்பில் கம்பியின் மேல்தோல் ஆக்ஸைடாகிறது. கையில் வளைத்தால் கறுப்புச் செதில் உதிர்கிறதே, அது உங்கள் எடைதான் உதிர்கிறது. கம்பி மெல்லியதாக ஆக இந்த நஷ்டம் கூடும். கூடவே சாம்பல், கரி, ஸ்டேட்டரின் இரும்புத் துகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பிவிசியை எரிப்பதை இன்றே நிறுத்துங்கள். பிவிசியில் குளோரின் இருக்கிறது. எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், அதோடு டையாக்ஸின் என்ற நஞ்சும் உருவாகும். செம்பே அந்த நஞ்சு உருவாகத் தூண்டுகோலாக இருக்கிறது என்பதுதான் இதில் மோசமான செய்தி. மற்ற குப்பையோடு எரியும் பிளாஸ்டிக்கைவிடச் செம்புக் கம்பியின் மேல் எரியும் பிவிசி அதிகக் கெடுதல். அந்தச் சாம்பல் படிந்த மண்ணில்தான் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

தடித்த கேபிளுக்குக் கையால் தள்ளும் ஸ்ட்ரிப்பிங் மிஷின் போதும். நீளவாக்கில் உறையைக் கீறிவிடும், செம்பு மில்பெரியாகவே வரும். மெல்லிய பல இழை ஒயருக்கு ஸ்ட்ரிப்பர் ஒத்துவராது. அதை உறையோடு அப்படியே கிரானுலேட்டர் வைத்திருப்பவருக்கு விற்றுவிடுங்கள். அந்த மிஷின் ஒயரைப் பொடியாக நறுக்கி, காற்றாலும் அதிர்வாலும் பிளாஸ்டிக்கையும் செம்பையும் பிரிக்கும். ஸ்டேட்டருக்கு வழி: ஒரு பக்கச் சுருள் தலையை ஸ்டேட்டரின் இரும்போடு ஒட்ட வெட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து ஹைட்ராலிக் கொக்கியால் இழுப்பது. வார்னிஷ் இறுகிப்போய் வரவில்லை என்றால் மூடிய அடுப்பில் 350 முதல் 400 டிகிரிக்குள் வைத்துத் தளர்த்தலாம். ஆனால் அந்தப் புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறையும் புகைபோக்கியும் உள்ள அடுப்பாக இருக்க வேண்டும்.

200 கிலோ பிடிக்கும் எண்ணெய் உலையில் செம்பை உருக்கிக் கட்டி வார்க்கிறோம். ஊற்றும்போது நன்றாக இருக்கிறது. ஆறும்போது மேல்பக்கம் ஆப்பம் போலப் பொங்கி, அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. மரக்கட்டையும் கரியும் போட்டு ஒரு மணி நேரம் வைத்துத்தான் ஊற்றுகிறோம். – டி.கே., வசாய்

அந்த ஒரு மணி நேரம்தான் காரணம். நல்லது என்று நினைத்துச் செய்வதே கட்டியைக் கெடுக்கிறது. இது பலருக்கும் நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

உருகிய செம்பு இரண்டு வாயுக்களைக் குடிக்கும்: ஆக்ஸிஜன், ஹைட்ரஜன். இரண்டும் தராசின் இரு தட்டு போல. ஒன்று அதிகமாக இருந்தால் மற்றது குறைவாகத்தான் இருக்க முடியும். பச்சைக் கட்டை போட்டால் அதிலிருந்து வரும் வாயுக்கள் ஆக்ஸிஜனைப் பிடுங்கிவிடும். ஓரளவுவரை அது வேண்டியதுதான். அதற்கு மேலும் கட்டையைப் போட்டுக்கொண்டே இருந்தால் ஆக்ஸிஜன் தீர்ந்து அந்த இடத்தில் ஹைட்ரஜன் ஏறும். செம்பு உறையும்போது அந்த ஹைட்ரஜனை வைத்திருக்க முடியாமல் வெளியே தள்ளும், மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகவும் ஆகும். உங்கள் தேன்கூடு அதுதான். உங்கள் எண்ணெய்ச் சுடர் மஞ்சளாகப் புகைந்துகொண்டிருந்தால் அதுவும் ஹைட்ரஜனைக் கொடுக்கும். ஈரமான கரியும் அப்படியே. மழைக்காலத்தில் இந்தக் குறை கூடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

சரியான வரிசை இது. தொடக்கம் முதல் சுடர் சற்றுக் காற்று மிகுந்ததாக, தெளிவாக, புகையில்லாமல் இருக்கட்டும். உருகியதும் 1,150 முதல் 1,200 டிகிரியில் வைத்து, களிமண் பூசிக் காயவைத்த இரும்புக் குழாய் வழியே காற்று ஊதுங்கள். துத்தநாகம், இரும்பு, அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் எல்லாம் முதலில் ஆக்ஸைடாகி மேலே வரும். வழித்து எடுங்கள். பிறகு கட்டை போடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, மாதிரிக் கிண்ணம் சொல்லும்.

ஐந்து செ.மீ. அகலமுள்ள சின்ன இரும்புக் கிண்ணத்தைச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சூடான கரண்டியால் நடுவிலிருந்து கொஞ்சம் மொண்டு ஊற்றி, உறையும்வரை கண்ணை எடுக்காமல் மேற்பரப்பைப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்து வாய்க்கால் போலக் குழிந்தால் ஆக்ஸிஜன் இன்னும் அதிகம். உடைத்தால் முறிவு செங்கல் நிறமாக, கரடுமுரடாக இருக்கும். மேற்பரப்பு சமமாக, பாலாடை போல மெல்லிய சுருக்கத்தோடு உறைந்தால் அதுதான் பதம். முறிவு இளஞ்சிவப்பாகப் பட்டு மாதிரி மின்னும். ஆக்ஸிஜன் அப்போது 0.03 முதல் 0.05 சதவீதத்துக்குள் இருக்கும். அந்த அளவில் உருவாகும் சிறு நீராவிக் குமிழிகள், செம்பு உறையும்போது சுருங்குவதை ஈடுகட்டிவிடுவதால்தான் மேல்பக்கம் சமமாக நிற்கிறது. நடுவில் பொங்கினால் பதம் தாண்டிவிட்டது. கட்டை போடத் தொடங்கியபின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிண்ணம் என்று பாருங்கள், கடைசிக் கட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

பதம் தாண்டிய உருக்கைக் கொட்ட வேண்டாம். 200 கிலோவில் 0.04 சதவீத ஆக்ஸிஜன் என்பது 80 கிராம். கறுப்புச் செம்பு ஆக்ஸைடில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், ஆகவே நன்றாகக் காய்ந்த சுத்தமான கறுப்புச் செதில் சுமார் 400 கிராமைத் தாளில் பொட்டலம் கட்டி, இரும்புத் தண்டால் அடியில் அழுத்திக் கிளறுங்கள். செதிலில் சிவப்பு ஆக்ஸைடும் கலந்திருந்தால் அரைக் கிலோவுக்கு மேலும் பிடிக்கும். கிண்ணம் போட்டுப் பார்த்து நிறுத்துங்கள். செதில் இல்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் காற்று ஊதினாலே போதும்.

பாஸ்பர்-காப்பர் போட்டால் ஓட்டை நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். வால்வு, பிட்டிங் வார்ப்புக்கு அது சரி. மின்சாரத்துக்குப் போகும் செம்பில் போடவே கூடாது. 0.04 சதவீத பாஸ்பரஸ் மிஞ்சினாலே மின்கடத்தும் திறன் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் விழுந்துவிடும்.

இன்னொன்று. கிராஃபைட் மூசையில் (உருக்கும் பாத்திரம்) இந்தக் காற்றூதும் வேலையைத் தினமும் செய்தால் மூசை சீக்கிரம் அரித்துப்போகும், ஏனென்றால் செம்பு ஆக்ஸைடு அதன் கரியைத் தின்கிறது. தொடர்ந்து சுத்திகரிப்பதென்றால் மேக்னஸைட் செங்கல் உள்பூச்சு உள்ள சாயும் உலைதான் ஏற்றது. மூசை, பிரித்த நல்ல செம்பை உருக்க மட்டும்.

எங்கள் கட்டி துப்பாக்கிச் சோதனையில் 99.7 காட்டுகிறது. வாங்கிக் கம்பி இழுப்பவரோ அறுந்து அறுந்து போகிறது என்று திருப்பி அனுப்புகிறார். – எம்.ஆர்., மான்குர்ட்

99.7 என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது, கம்பிக்குப் போதாது. நீங்கள் சொல்லும் துப்பாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-ஆர்-எஃப் கைக்கருவி. அது ஆக்ஸிஜனைக் காட்டவே காட்டாது. பிஸ்மத் சில பத்து கிராம் ஒரு டன்னில் இருந்தாலும் கேடு செய்யும், துப்பாக்கியின் கண்ணுக்கு அது தெரியாமலும் போகலாம். ஈயமும் பிஸ்மத்தும் திடச் செம்பில் கரையாது. உறையும்போது செம்பின் மணிகளுக்கு (நுண்படிகங்களுக்கு) நடுவே மெல்லிய ஏடாகப் போய்ப் படியும். சூடாக்கி உருட்டும்போது அந்த ஏடு உருகிவிடும், ஈயம் 327 டிகிரியிலும் பிஸ்மத் 271 டிகிரியிலும். செம்பு மணி மணியாகப் பிளக்கும். உங்கள் ஆள் சொல்லும் அறுப்பு இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோ சோதனை (தீப்பொறியின் ஒளியை வைத்துக் கலப்பைச் சொல்வது) செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஈயம், பிஸ்மத், ஆன்டிமனி, ஆர்சனிக், வெள்ளீயம், நிக்கல், பாஸ்பரஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஈயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பழைய ரேடியேட்டர், ஈயப்பற்று வைத்த முனை, ஈயம் கலந்த கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) வால்வு ஆகியவற்றிலிருந்து. ரேடியேட்டரைச் செம்போடு போடவே கூடாது, அதற்குத் தனி விலை உண்டு. ஏசி குழாயில் பற்றுவைத்த முட்டுகளைக் கட்டரால் வெட்டித் தனியே வையுங்கள். அந்தப் பற்றில் பாஸ்பரஸும் சிலவற்றில் வெள்ளியும் இருக்கும்.

உள்ளே போய்விட்ட ஈயத்தை எடுக்க, செம்பில் ஆக்ஸிஜன் நிறையும்வரை காற்று ஊதி, உலர்ந்த சிலிக்கா மணலைத் தூவ வேண்டும். ஈய ஆக்ஸைடு மணலோடு கூடிக் கசடாகும். 200 கிலோவில் ஒரு சதவீதம் ஈயம் என்றால் இரண்டு கிலோ. ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ மணலை இரண்டு மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் வழித்து எடுக்க வேண்டும். வெள்ளீயம், ஆன்டிமனி, ஆர்சனிக்குக்கு மணல் பிடிக்காது, சோடா சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டும். நிக்கல் எதற்கும் சுலபத்தில் மசியாது. பிஸ்மத்தும் வராது. வெள்ளியும் தங்கமும் ஆக்ஸைடாவதே இல்லை. வழித்த கசடில் மூன்றில் ஒரு பங்குவரை செம்பு இருக்கலாம், எடை போட்டுத் தனி டிரம்மில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அது கம்பிச் செம்பு ஆகிவிடாது. தலோஜாவில் உள்ள இந்துஸ்தான் காப்பர் ஆலையே 99.99 சதவீதக் கேத்தோடை (மின்பகுப்பில் சுத்தமாகப் படிந்த செம்புத் தகடு) உருக்கித்தான் கம்பித்தண்டு வார்க்க அமைக்கப்பட்டது. உங்கள் கட்டியைக் கம்பி இழுப்பவருக்கு விற்காதீர்கள். வார்ப்புப் பட்டறைக்கும், ஆனோடாக்கி, அதாவது கரையும் தகடாக்கி, மின்பகுப்பு செய்பவருக்கும் விற்றால் திரும்பி வராது.

தாருக்கானாவில் கப்பல் உடைத்து வரும் கண்டென்சர் குழாய்கள் வெளிறிய சிவப்பாக இருக்கின்றன. செம்போடு சேர்த்து உருக்கலாமா? – ஜெ., ரே ரோடு

வேண்டாம். வெளிறிய ரோஜா நிறம் என்றால் பத்து சதவீத நிக்கல், வெள்ளி போல இருந்தால் முப்பது சதவீத நிக்கல் கலந்த குப்ரோ-நிக்கலாக இருக்கும். மஞ்சள் சாயல் தெரிந்தால் அட்மிரால்ட்டி பித்தளை அல்லது அலுமினியப் பித்தளை. நிக்கல் செம்பைவிட விலை கூடியது. செம்பில் கலந்தால் செம்பும் கெடும், நிக்கலுக்கும் காசு வராது. குழாயைப் பிளந்து உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் தட்டி எடுத்துவிட்டு, அந்தக் கலவையின் பெயரிலேயே விற்றுவிடுங்கள்.

பித்தளை கலந்து உருக்கிய நாள் சாயங்காலம் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வருகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. பாலும் வெல்லமும் சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். – பெயர் வேண்டாம் என்ற வாசகர், சாக்கிநாக்கா

துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகப் போகும். செம்பு உருகுவதற்கே அதற்கு மேல் சூடு வேண்டும், ஆகவே பித்தளை உள்ளே இருந்தால் புகை நிச்சயம். அந்தப் புகை மூச்சில் போன சில மணி நேரத்தில் வாயில் இனிப்பும் உலோகமும் கலந்த ருசி, தலைவலி, நடுக்கம், காய்ச்சல். ஒரு நாளில் இறங்கிவிடும். விடுமுறை கழிந்து திங்கட்கிழமை அதிகமாக வரும், ஏனென்றால் தினம் சுவாசிக்கும்போது உடம்பு கொஞ்சம் பழகி, இரண்டு நாள் விட்டதும் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பாலால் பயன் இல்லை.

பயப்பட வேண்டியது வேறொன்று. பழைய தொலைபேசிக் கம்பி, ரயில் மின்தடக் கம்பி சிலவற்றில் காட்மியம் கலந்திருக்கும். அந்தப் புகையும் முதலில் இதே போன்ற காய்ச்சலாகத்தான் தொடங்கும், ஆனால் நுரையீரல் வீங்கி ஆளைக் கொல்லக்கூடியது. ஸ்பிரிங், தொடர்பு முனைகளில் வரும் பெரிலியம் செம்பின் தூசியும் புகையும் நிரந்தர நுரையீரல் நோய் தரும். அடுத்த நாளும் மூச்சுத் திணறல், இருமல், நெஞ்சுவலி தொடர்ந்தால் அது சாதாரணப் புகைக் காய்ச்சல் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எதை உருக்கினீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உலை வாய்க்கு மேல் புகையை உறிஞ்சும் கூண்டும், உலோகப் புகைக்கான வடிகட்டி மாட்டிய அரைமுக மாஸ்க்கும் வேண்டும். துணிக் கைக்குட்டை புகையை நிறுத்தாது.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை: வெளியே நனைந்த பங்காரையும், இரு முனையும் நசுங்கி மூடிய குழாய்த் துண்டையும் உருகிய செம்பில் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஒரு நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் நீராவியாக விரிந்து, செம்பு கூரைவரை தெறிக்கும். குழாய் முனையை வெட்டித் திறந்து, உலை விளிம்பில் வைத்து நன்றாகச் சுட்ட பிறகே உள்ளே தள்ளுங்கள்.

100 லிட்டர் தொட்டியில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரால் செம்பைச் சுத்தம் செய்து பார்க்கிறோம். தகட்டில் பழுப்புப் பொடியாகப் படிகிறது, தொட்டால் உதிர்கிறது. – ஆர்., செம்பூர்

சார்ஜரைக் கழற்றுங்கள். செம்பு ஆனோடிலிருந்து கரைந்து கேத்தோடில் படிய ஒரு தொட்டிக்கு 0.2 முதல் 0.35 வோல்ட்தான் தேவை. 12 வோல்ட் கொடுத்தால் மின்சாரம் கட்டுக்கடங்காமல் ஓடும். தகட்டின் முகத்தருகே செம்பு தீர்ந்துபோய்ப் பொடியாகப் படியும், ஹைட்ரஜன் குமிழியோடு அமிலத் துளியும் பறக்கும். முலாம் பூசுபவர்கள் வைத்திருக்கும் 0–6 வோல்ட், 50 ஆம்பியர் ரெக்டிஃபையர் (நேர்மின்சாரம் தரும் கருவி) வாங்குங்கள். பத்துத் தொட்டியைத் தொடராக இணைத்தாலும் மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் வரும், அதே ஆம்பியரில் பத்து மடங்கு செம்பு.

அளவு இப்படி. தண்ணீருக்குள் 30க்கு 30 செ.மீ. இருக்கும் கேத்தோடுக்கு இரு முகமும் சேர்த்து 0.18 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 ஆம்பியர் என்றால் 36 ஆம்பியர். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரத்தில் 1.186 கிராம் செம்பைப் படியவைக்கும். 24 மணி நேரத்துக்கு 1,025 கிராம், மின்கசிவு போக 970 கிராம் கையில் நிற்கும். தினம் எடை போட்டு இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மிகவும் குறைந்தால் எங்கோ ஆனோடும் கேத்தோடும் ஒன்றை ஒன்று தொடுகின்றன.

கரைசலுக்கு, 100 லிட்டரில் மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) 17.7 கிலோ. இதில் செம்பு லிட்டருக்கு 45 கிராம் வரும். 98 சதவீதக் கந்தக அமிலம் 10 லிட்டர், அதாவது லிட்டருக்கு 180 கிராம். முதலில் 70 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அமிலத்தை மெல்லிய தாரையாக, கிளறிக்கொண்டே, சூடு ஆறவிட்டு ஆறவிட்டுச் சேருங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். துத்தம் கரைந்தபின் 100 லிட்டருக்கு நிரப்புங்கள். சாப்பாட்டு உப்பு ஆறரை கிராம். தொட்டி பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும், ஏனென்றால் கரைசலை 60 டிகிரியில் வைக்க வேண்டும், அந்தச் சூட்டில் பிவிசி தொய்ந்துவிடும். சிறு பம்பால் கரைசல் மெதுவாகச் சுழல வேண்டும், அடியில் படிந்த சேறு கலங்கும்படி வேகமாக அல்ல.

படிவு வழவழப்பாக வர மரவேலைக்காரர் உருக்கும் வஜ்ஜிரப் பசை வேண்டும், இங்கே கடையில் சரேஸ் என்று கேளுங்கள். ஒரு டன் செம்புக்கு 50 முதல் 100 கிராம் என்பது ஆலைக் கணக்கு. உங்களுக்கு ஒரு நாளைக்கு 0.1 கிராமுக்கும் கீழே. ஆகவே 10 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, தினம் 5 முதல் 10 மில்லி சேர்த்தால் சரி. அதிகமானால் படிவு வரிவரியாக, நொறுங்குவதாக வரும். பசை தீர்ந்தால் முள்ளும் முடிச்சும் முளைக்கும். முடிச்சு ஓரங்களில் மட்டும் வந்தால் காரணம் பசை இல்லை. கேத்தோடு ஆனோடைவிட எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. பெரியதாக இருக்க வேண்டும். இடைவெளி நாலைந்து செ.மீ. இருக்கட்டும். கேத்தோடுக்கு 316எல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு போட்டால் ஒரு வாரத்தில் படிந்ததை ஷீட்டாக உரிக்கலாம்.

பலர் சறுக்குவது ஆனோடில். 98 சதவீதத்துக்குக் கீழான செம்பைத் தொங்கவிடாதீர்கள். ஐந்து சதவீதத் துத்தநாகம் உள்ள ஆனோடு தினம் ஒரு கிலோ கரைந்தால் 50 கிராம் துத்தநாகம் கரைசலுக்குப் போகும். அது படியாது. அதற்கு ஈடாகக் கரைசலில் இருக்கும் செம்பு ஏறக்குறைய 50 கிராம் படிந்து தீரும். ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ, உங்கள் தொட்டியில் இருக்கும் நாலரைக் கிலோவில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு மறுபடி பொடிதான். நிக்கலும் இதே கதை. ஈயம் மட்டும் சல்ஃபேட்டாகி ஆனோடின் மேலேயே அடையாகப் படிந்து மின்சாரத்தை அடைக்கும். வோல்ட் திடீரென்று அரைக்கு மேல் ஏறினால் ஆனோடை எடுத்துத் துடையுங்கள்.

ஆனோடுக்குப் பாலிபுரோப்பிலீன் துணிப்பை மாட்டினால் சேறு அதில் நிற்கும். வெள்ளி, தங்கம், செலீனியம், டெல்லூரியம், ஈய சல்ஃபேட் எல்லாம் அதில்தான். வெள்ளி முனைகள் உள்ள சுவிட்ச்கியர் செம்பு கரைத்திருந்தால் அந்தச் சேறு மதிப்புள்ளது. வெறும் ஒயர் செம்பென்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கைபடாமல் கழுவி, மூடி வையுங்கள்.

நைட்ரிக் ஆசிட்டில் போட்டால் உடனே கரைந்துவிடுகிறதே, அந்த வழி சுலபம் அல்லவா? – வி., தாராவி

அந்த வழிக்கு நாங்கள் அளவு சொல்ல மாட்டோம். எழும்பும் பழுப்புப் புகை நைட்ரஜன் டையாக்சைடு. சுவாசித்தவருக்கு முதலில் கொஞ்சம் இருமல்தான் வரும், சரியாகிவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போவார். பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட, நுரையீரலில் நீர் கோத்து உயிர் போகலாம். புகையைக் கழுவும் கோபுரம் இல்லாத தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் இதைச் செய்வது மாடியில் குடியிருப்பவர்களையும் சேர்த்து ஆபத்தில் வைப்பது. யாராவது ஏற்கெனவே சுவாசித்துவிட்டால், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

தெருவில் சேகரிப்பவர்களிடம் வாங்கும் செம்புக்கு ஜிஎஸ்டி யார் கட்டுவது? – கே., குர்லா

நீங்கள் பதிவு செய்தவர், விற்பவர் பதிவு இல்லாதவர் என்றால் 10.10.2024 முதல் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும், அதைக் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதே தேதி முதல், இருவரும் பதிவு செய்தவர்கள் என்றால் வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் இரண்டு சதவீதத்தை டிடிஎஸ் வரியாகப் பிடிக்க வேண்டும். ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு இரண்டரை லட்சம் தாண்டினால்தான் இந்த டிடிஎஸ்.

பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை) செய்யும் இடத்திலிருந்து, செம்பை அரிக்கப் பயன்படுத்திய பெரிக் குளோரைடு கழிவு டிரம் டிரம்மாகக் கிடைக்கிறது. ஆணி போட்டால் செம்பு வருமா? – என்.எஸ்., அந்தேரி

வரும். இரும்பு கரைந்து செம்பு பழுப்புப் பொடியாக வெளியே வரும். கணக்குப்படி ஒரு கிலோ செம்புக்கு 0.88 கிலோ இரும்பு. ஆனால் கழிவில் மிஞ்சியிருக்கும் பெரிக்கும் அமிலமும் முதலில் இரும்பைத் தின்னும் என்பதால் ஒன்றரைக் கிலோவரை பிடிக்கும். ஆணியைவிட எண்ணெய் கழுவிய லேத் சீவல் நல்லது, பரப்பு அதிகம். காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் செம்பு இரும்பின் மேல் தோலாக மூடிக்கொண்டு வேலை நின்றுவிடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். சிவப்புப் படியவில்லை என்றால் கரைசலில் செம்பு தீர்ந்தது. நீல நிறமாக, அம்மோனியா வாடை அடிக்கும் கழிவு வேறு வகை, அதில் இந்த முறை அப்படியே நடக்காது.

பொடியைச் சல்லடையில் பிரித்து மிஞ்சிய இரும்பைக் காந்தத்தால் எடுங்கள். குளோரைடு போகும்வரை தண்ணீரில் கழுவி உடனே உலர்த்துங்கள். ஈரத்தோடு கிடந்தால் ஒரே இரவில் பச்சை பூத்துவிடும். இதை நேராக உலையில் கொட்டினால் பாதி தூசியாகப் பறக்கும். மயில்துத்தம் தயாரிப்பவருக்கு விற்பதுதான் லாபம், பொடியாக இருப்பதால் அவருக்கும் சீக்கிரம் கரையும்.

மிஞ்சும் பச்சைத் தண்ணீர் பெரஸ் குளோரைடு. அதைச் சாக்கடையில் விட்டால் கடைசியில் மித்தி ஆற்றுக்கோ கடலுக்கோதான் போகும். சுண்ணாம்புப் பால் சேர்த்து பிஎச் 9-க்கு ஏற்றி, காற்று ஊதி, படியும் சேற்றைத் தனியே பிரித்துப் பையில் கட்ட வேண்டும். அந்தச் சேறும் அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி இந்த டிரம்மை வாங்கவோ பதப்படுத்தவோ மகாராஷ்டிரா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற சீட்டு) கூடவே வர வேண்டும். படிவம் இல்லாமல் டிரம் கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். சோதனையில் பிடிபட்டால் டிரம் யார் வளாகத்தில் நிற்கிறதோ அவரிடம்தான் முதலில் கேள்வி வரும்.